புளியங்கொட்டையும் உப்புக்கல்லும்

என் வலக்கை பொய் சொல்லாது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். கை என்றால் கை மட்டும்தான். என்னை அவர்கள் அவ்வளவாக நம்பியதில்லை. பானையில் வெல்லம் குறைந்தால் முதலில் என் வாயைத்தான் முகர்ந்து பார்ப்பார்கள். ஆனால் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு காரியத்தை முடிவு செய்ய முடியாமல் பெரியவர்கள் திணறும்போது, காணிக்கைப் பைக்குள் போகவேண்டிய கை என்னுடையதாகவே இருந்தது.

என் வயதை ஒத்த உங்களில் பலர் இந்த வழக்கத்தை அறிந்திருப்பீர்கள். மற்ற ஊர்களில் ஜெபம் செய்துவிட்டு வேதப் புத்தகத்துக்குள் இரண்டு சீட்டுகளை வைத்து ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். உத்திரமேரூருக்கு அருகே, ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் காலனியில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் குறைவு. பூக்கட்டிப் பார்ப்பது அம்மன் கோயில் வழக்கம் என்று எங்கள் போதகரான ஐயர் தடுத்திருந்தார். அதனால் சபையின் உபதேசியாரான என் நைனா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு உப்புக்கல், ஒரு புளியங்கொட்டை. இரண்டையும் தனித்தனியாகப் பழைய பலிபீடத் துணியின் கிழிசலில் முடிந்து பையில் போடுவார். உப்பு வந்தால் செய்யலாம். கொட்டை வந்தால் கூடாது. எடுத்த முடிச்சை மட்டுமே அவிழ்ப்பார்கள். மற்றதை அவிழ்த்துப் பார்ப்பது ஆண்டவரைச் சோதிப்பதாகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். இந்த நினைப்பை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பை எனக்கு மிகவும் பிடித்தமானது. கருஞ்சிவப்பு வெல்வெட் துணி, வாயில் பித்தளை வளையம், வரிசை வரிசையாக நீட்டுவதற்கு ஒரு நீண்ட மரக்கைப்பிடி. உள்ளே கைவிட்டால் செப்புக்காசின் வாசனை விரல்களில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம்வரை போகாது. என் சிற்றப்பாவுக்குப் பெண் பார்த்தபோது உப்பு வந்தது. அந்தக் கல்யாணம் நன்றாக அமைந்தது. கிணற்றுக்கு இடம் பார்த்தபோது முதல் இடத்துக்குக் கொட்டை வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் அங்கே தோண்டிப் பாறையைக் கண்டார். அதன் பிறகு என் கையைப் பற்றி ஊரில் பேச்சாகிவிட்டது.

பக்கத்து வீட்டுத் தோழிதான் கேலி செய்வாள். அவர்கள் அம்மன் கோயில் குடும்பம். ஞாயிறு பள்ளியில் பிஸ்கட் கொடுப்பதால் தவறாமல் என்னுடன் வந்து உட்காருவாள்.

"ஏய், கர்த்தர் கை! அந்தக் கையால எனக்கு ஒரு கொடுக்காப்புளி பறிச்சிக் குடுடி. புயு இல்லாததா வரும்."

அவளுடைய தகப்பனாரைத் தண்ணீர் பாய்ச்சும் மாமா என்று அழைப்போம். பெரிய வீட்டு நிலங்களுக்கு மோட்டார் போட்டு மடை திருப்பும் வேலை அவருக்கு. என் அம்மாவை அவர் 'யக்கா' என்பார். எங்கள் காலனியில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களான வேதக்காரர்கள், பாதிப் பேர் இல்லை. முறை மட்டும் எல்லாருக்கும் பொது.

எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த ஒரு மழைக்காலம் அது. மழையென்றால் எங்கள் சபைக்கு ஒரு தனி அச்சம் உண்டு. கல்லறைத் தோட்டம் பெரிய வீட்டுக்காரரின் நஞ்சைக்கு அப்பால் இருந்தது. வழி கிடையாது, வரப்புதான். ஒரு வரப்பில் பக்கத்துக்கு ஒருவராகப் பெட்டி தூக்க முடியாது. ஒரு பக்கத்தார் வரப்பிலும் மறுபக்கத்தார் முழங்கால் சேற்றிலுமாக நடப்பார்கள். பெட்டி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே போகும். அந்த ஐப்பசியில் சபை மூப்பரின் தாயாரை எடுத்துப் போகும்போது ஒருவர் கால் வழுக்கியது. பெட்டி பயிருக்குள் விழுந்து மூடி திறந்துகொண்டது. பெரிய வீட்டு ஆள் ஓடிவந்து, பயிர் பாழாயிற்று என்று கத்தினான். நைனா சேற்றில் மண்டியிட்டு, இறந்தவரின் முகத்தைத் தன் அங்கியின் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே அழுதார். அதற்குமுன் நைனா அழுது நான் பார்த்ததில்லை. பின்னால் அவர் செய்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் நியாயம் செய்தவளாகமாட்டேன்.

அதற்குச் சில நாள் கழித்துப் பெரிய வீட்டு மோட்டார்க் கொட்டகையில் செம்புக்கம்பி திருட்டுப் போனது. மோட்டாரைப் பிரித்து உள்ளே சுற்றியிருந்த கம்பி முழுவதையும் உருவிவிட்டிருந்தார்கள். கொட்டகைச் சாவி மாமாவிடம் இருந்தது. அதனால் மாமாதான் திருடன் என்று முடிவாயிற்று. அவரைப் பெரிய வீட்டுக் களத்தில் தென்னையில் கட்டி அடித்துவிட்டு உத்திரமேரூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று சோறு வடித்துக்கொண்டே அம்மா நைனாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"நான் பாத்தேங்க. கருக்கல்ல மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கினு இருந்தேன். பெரிய வூட்டுச் சின்னப் புள்ளதான் கொட்டாய்க்குள்ளேர்ந்து கோணியத் தூக்கியாந்து வண்டியில கட்னான். இன்னொரு ஆளும் கூட இருந்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"எம் மொகத்துக்கு நேரா ஓட்டிக்கினு போனான். சீட்டாட்டத்துல உட்டத எடுக்கணும்னா அப்பன் வூட்லயே கை வெக்கிறான். பாவம், எந் தம்பி அடி வாங்கிக்கினு கீறான். நாளைக்கி ஸ்டேஷனுக்குப் போயி சொல்லப் போறேன்."

நைனா எழுந்தார். மூப்பரைப் பார்க்கப் போனார். மூப்பர் வேறு யாரைப் பார்த்தாரோ, மறுநாள் காலையில் பெரிய வீட்டுக்காரரே தம் மோட்டார் சைக்கிளை எங்கள் சபைக் கோயில் முன்னால் நிறுத்தினார். இறங்கவில்லை.

"இன்னா ஒபதேசி. பொணம் போவ வயி வோணும்னு எத்தினி வருசமா கேட்டுக்கினு கீற? தை பொறக்கட்டும். மேக்கால வரப்ப வண்டி போற அளவுக்கு அகலப்படுத்திக்கோ. நான் ஒண்ணியும் சொல்லமாட்டேன்."

"ஆண்டே..." என்று நைனா கைகூப்பினார்.

"ஆனா உங்க பொம்பளைங்கள்ல யாரோ கண்டேன் கிண்டேன்னு பேசறாங்களாம். அந்தப் பேஜார் எனக்கு வாணாம்."

அன்று சாயங்காலம் சபை கூடியது. மழை ஓடுகளில் விழும் சத்தத்துக்கு மேலே எல்லாரும் உரக்கப் பேசவேண்டியிருந்தது.

"பொய் சொல்லுன்னு ஒன்ன யார்மா சொன்னது? சும்மா இருன்னுதான் சொல்றோம்" என்றார் மூப்பர். "எங்கம்மா சேத்துல உய்ந்தத நீயும்தானே பாத்த?"

"பாத்தேன், பெரீப்பா. இவன் அடி வாங்கறதையும் பாத்தேனே."

"அவன் நம்ம சபையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏன், அவன் முதுவு நம்ம முதுவு மாதிரி இல்லியா?" என்று அம்மா திரும்பினார். யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அம்மாவுக்கும் பயம் இருந்தது. எங்கள் குடும்பத்துக்கு வேலை கொடுப்பதும் அதே பெரிய வீடுதான். உண்மையைச் சொன்னால் சபை முழுவதும் வழியை இழக்கும். சொல்லாவிட்டால் ஒரு மனிதன் திருடனாவான். இரண்டில் ஒன்றை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. நைனாதான் சொன்னார்: "நாம ஏன் வாதாடிக்கினு இருக்கணும்? ஆண்டவர் சமுகத்துல வெப்போம்."

அம்மாவின் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் மறக்கவில்லை. "அதான் சரி. அவர் சொல்லுன்னா நாளைக்கிக் காத்தால போறேன். வாணாம்னா வாயத் தெறக்கமாட்டேன்" என்றார்.

நைனா உள்ளறைக்குப் போய் முடிச்சுகளுடன் வந்தார். எல்லாரும் முழங்காலிட்டோம். நீண்ட ஜெபம். பித்தளை வளையம் என் முழங்கையில் குளிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, உப்பு வரவேண்டும் என்று வேண்டினேன். தோழியின் தகப்பனார் வீட்டுக்கு வரவேண்டும். வேறெதுவும் எனக்குத் தெரியாது. முடிச்சை எடுத்து நைனாவின் கையில் கொடுத்தேன். அவர் அவிழ்த்து உயர்த்திக் காட்டினார். புளியங்கொட்டை. "ஸ்தோத்திரம்" என்றார் மூப்பர். சபை திருப்பிச் சொன்னது. அம்மாவும் சொன்னார்.

மாமா சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். சாட்சியில்லை என்று வழக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள்; ஆனால் ஒரு காதின் கேட்கும் சக்தி போய்விட்டது. பெரிய வீட்டில் வேலை இல்லை. ஊரில் வேறு எவரும் திருடன் என்று பெயரெடுத்தவருக்கு வேலை கொடுக்கவில்லை. வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் இடம் கிடைத்ததென்று பானை சட்டிகளை மூட்டை கட்டினார்கள். பேருந்து நிற்கும் இடம்வரை நான் கூடவே போனேன். தோழி ஒரு பானையைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள். பேருந்தில் ஏறியபின் ஜன்னல் கம்பி வழியாகச் சொன்னாள்: "ஒங் கைக்கு எங்கப்பாவத் தெரியாதாடி?"

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்பு பெண்பிள்ளைகள் கோயிலைச் சுத்தம் செய்தோம். ஒருத்தி சுண்ணாம்பு கரைத்தாள், ஒருத்தி ஒட்டடை அடித்தாள். காணிக்கைப் பையை வெயிலில் உலர்த்துவது என் வேலை. அதை உள்வெளியாகத் திருப்பியபோது உள்துணியின் கிழிசலுக்குள் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தேன்: ஒரு முடிச்சு. எடுக்காமல் விட்ட முடிச்சு. நைனா பையை உதறியபோது விழாமல் அங்கேயே தங்கிவிட்டிருந்தது.

அவிழ்க்கக்கூடாது என்று தெரியும். ஆனால் மழையில் உப்பு கரைந்துபோயிருக்குமே, துணி நைந்துவிடுமே என்று கவலைப்பட்டுத்தான் அவிழ்த்தேன். துணி உலர்ந்து மொடமொடவென்று இருந்தது. உள்ளே பளபளப்பாக ஒரு புளியங்கொட்டை.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகள் அப்படித்தான், பெரியவர்கள் செய்த பிழையை நேராகப் பார்த்தாலும் வேறு காரணம் தேடுவார்கள். ஆண்டவர் உப்பைக் கொட்டையாக மாற்றிவிட்டார், தண்ணீரைத் திராட்சரசமாக்கியவர்தானே என்று எண்ணிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். கொட்டையைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார். நான் சொன்ன அற்புதத்தை அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நைனா சாப்பிட வந்தபோது தட்டில் சோற்றுக்குப் பதிலாக அந்தக் கொட்டை இருந்தது.

நைனா தட்டைத் தள்ளி வைத்தார். "உன்னியும் கொயந்தையையும் காப்பாத்தத்தான் செஞ்சேன்" என்றார். "நீ ஸ்டேஷன் வாசப்படி ஏறியிருந்தா நாம இந்த ஊர்ல கஞ்சி குடிக்க முடியுமா? சபைக்கு வயி கெடைக்குமா?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ ஒத்துக்கமாட்டே."

"ஒத்துக்கினு இருந்தாலும் இருப்பேன். எனக்கும் பயந்தான் இருந்துச்சி. வாய மூடிக்கினு இருந்திருப்பேன். அது எம் பாவமா இருந்திருக்கும், அழுது தீத்துருப்பேன். இப்ப அது யாரு பாவம்? நீ அத ஆண்டவர் தலையில கட்டிட்ட. எம் பொண்ணு கைய வெச்சிக் கட்டிட்ட."

அம்மா நைனாவை 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அந்த ஒரு சொல்லில் வீடு எப்படி மாறிப்போயிற்று என்பதை இப்போதும் என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. என் வலக்கையை நான் பாவாடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

பிற்காலத்தில் நான் ஆசிரியை ஆனபின், பிள்ளைகளை உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க அழைத்துப்போவேன். குடவோலை முறையை நீங்களும் படித்திருப்பீர்கள். ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பிக்கவேண்டும். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்றும் அங்கே விதித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த விரல் சங்கதி சிரிப்பாக இருக்கும். நான் அவர்களோடு சிரிப்பதில்லை. நைனாவும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றவர்தான். அதே வரியை விரலால் தடவிக் காட்டியவர்தான். சிறுவனின் கையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, பெரியவர்களின் கையைத்தான் விரித்துப் பார்க்கவேண்டும் என்று அந்தக் காலத்து ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கிறிஸ்துமஸை அடுத்து வந்த நற்கருணை ஞாயிறன்று காஞ்சிபுரத்திலிருந்து ஐயர் வந்தார். அறிவிப்புகள் முடிந்து பாட்டுக்கு எழும் நேரத்தில் அம்மா எழுந்து முன்னால் போனார். பலிபீடக் கம்பியின்மேல் கொட்டையை வைத்தார்.

"அன்னிக்கி இதான் வந்திச்சி, ஐயா. பையில மிச்சம் இருந்ததும் இதேதான். உப்பே போடல. போடாத உப்பு எப்பிடி வரும்?"

நைனா அங்கியோடு பக்கத்திலேயே நின்றார். தலை நிமிரவில்லை. சபையில் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் யாருக்கும் வியப்பு இல்லை என்பதைச் சிறுமியாகிய நானும் உணர்ந்தேன். மூப்பர் அறிந்திருந்தார். இன்னும் எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ.

"ஆராதனை முடியட்டும்மா, பேசிக்கலாம்" என்றார் ஐயர். முடிந்தபின் பேசினார். நோக்கம் நல்லதாக இருந்ததென்றும், சபைக்கு வழி கிடைக்கப்போவதைத் தேவசித்தமாகவே கொள்ளவேண்டுமென்றும், குடும்பத்தில் சமாதானம் முக்கியம் என்றும் சொன்னார். மென்மையானவர், நிறையப் படித்தவர். அவர் அன்று சொன்ன ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகத்தான் இருந்தது. அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எந் தம்பிக்கு ஒரு காது போச்சுங்களே, அது யாரு சித்தம்?" என்றார். ஐயர் குடையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா என்னை அழைத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் பேருந்து ஏறினார். ஆலையின் களத்தில் மாமா வேகவைத்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நெல்லின் ஆவி வாசனை எங்கும் நிறைந்திருந்தது. அம்மா அவருடைய நல்ல காதின் பக்கமாகப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். யார் திருடன் என்பதை, பையை, முடிச்சுகளை.

மாமா கிளறுவதை நிறுத்தவில்லை. "யாரு எடுத்தான்னு எனக்குத் தெரியும், யக்கா. நீ பாத்ததும் தெரியும். நான் மடையாண்ட நின்னுக்கினு இருந்தேன். நீ தல நிமிந்து அவனப் பாத்தத நானும் பாத்தேன்."

"அப்ப ஏண்டா ஸ்டேஷன்ல சொல்லல?"

"நான் சொன்னா திருடன் சொல்றதுதானே? எங்கக்கா வரும், வேதக்காரி, பொய் பேசாது, அது வந்து சொல்லும்னு கெடந்தேன். ஒவ்வொரு தபா கதவு தெறக்கச்சேயும் நீதான்னு நெனைச்சேன்." பிறகு சிரித்தார். "சரி உடு. வெய்யில்ல வந்துகீற. கொயந்தைக்கு நாஷ்டா வாங்கித் தரேன், வா."

அம்மா உட்கார்ந்துவிட்டார். அந்தச் சுடுநெல்லின்மேல் உட்கார்ந்து அழுதார். தோழி ஆலைச் சுவரோரம் நின்றாள். அருகில் வரவில்லை, போகவும் இல்லை.

கிறிஸ்தவர்களாகிய நாம் சங்கடமான வேளைகளில் என்ன செய்யவேண்டும் என்று பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் இப்போது என்னைப் பேச அழைக்கிறார்கள். ஜெபியுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் ஜெபித்து எழுந்தபின் முடிவை எடுப்பது உங்கள் கையாக இருக்கட்டும், அது தவறாகப் போனாலும் உங்கள் தவறாக இருக்கட்டும் என்பேன். கேட்பவர்களுக்கு அது அவ்வளவு பிடிப்பதில்லை. நைனா கொடியவரல்ல. சேற்றில் விழுந்த ஒரு முகத்தைத் துடைத்தவர். அந்த முகத்துக்காகவே அவர் இன்னொரு முகத்தை மறந்தார். இதை நான் பல வருடங்கள் எண்ணிப்பார்த்து அவரைப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டபின்னும் ஏமாற்றப்பட்டவளாகவே இருக்கிறேன். ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

தை பிறந்ததும் வழி வந்தது. பெரிய வீட்டுக்காரர் அந்தச் சொல்லை மட்டும் காப்பாற்றினார். பிறகு அது சரளைப் பாதையாகி, தார்ச்சாலையாகிவிட்டது. நைனா அதன் வழியாகத்தான் போனார், சாயாமல், நேராக. அவர் இருந்தவரை அம்மா அவருக்குச் சமைத்துப் போட்டார், நோயில் பார்த்துக்கொண்டார். அவரை மீண்டும் 'நீங்க' என்று சொன்னதில்லை. நற்கருணை வாங்கவும் முன்னால் போனதில்லை. வெல்வெட் பையை எலி கடித்துவிட்டதென்று எறிந்துவிட்டார்கள்.

அம்மா போனதும் ஒரு மழைக்காலத்தில். தன்னை வரப்பு வழியாகவே எடுத்துப்போகவேண்டும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். "ரோடு கீறச்சே கெய்விக்கு இன்னா புடிவாதம்" என்று இளையவர்கள் முணுமுணுத்தார்கள்; ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தபடி போயிற்று. தாழ்ந்த பக்கத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தோழி சேற்றில் நடந்தாள். வாலாஜாபாத்திலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்தாள். பெட்டி மிகவும் சாய்ந்த ஓரிடத்தில் அவள் தோள் கொடுத்தாள்.

மாமா அதற்கு முன்பே போய்விட்டார். மூப்பரும் ஐயரும் இல்லை. அந்த மழைக்காலத்தை அறிந்தவர்களில் இன்று இருப்பது அவளும் நானும்; அவள் வாலாஜாபாத்தில், நான் இங்கே.